தீவில் வாசித்த ஓலை

தங்கச்சிமடம்,
12-10-2025

மருமகள் சுகன்யாவுக்கும் பேத்தி ஜோவிட்டாவுக்கும் கிளெமென்ட் எழுதுவது. அந்தோணியார் புண்ணியத்தில் நானும் உன் மாமியும் நல்ல சுகம். அங்கே உன் சுகத்தையும், பாப்பாவுக்குச் சளி விட்டதா என்பதையும் அறிய வேண்டும்.

போன வாரம் நீ போன் பண்ணினாய் என்று பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அதை என் காதில் வைத்தாள். கொர்ரென்று ஒரு இரைச்சல், அவ்வளவுதான். முப்பது வருஷம் விசைப்படகில் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த காது. எதிரே நின்று கத்தினால்தான் ஏதாவது உள்ளே போகும். உன் மாமியோ போனைக் கையில் வாங்கியதுமே அழ ஆரம்பித்துவிடுகிறாள், பேசுவதில்லை. அதனால் வழக்கம்போலக் கடிதமே எழுது. இந்தத் தெருவில் கையால் எழுதிய கடிதம் வருகிற வீடு நம் வீடு ஒன்றுதான். தபால்காரருக்கும் ஒரு வேலை வேண்டாமா.

பிரிட்டோவின் நாலாம் வருஷ நினைவுப் பூசையை ஆகஸ்டில் ஒப்புக்கொடுத்தோம். மில்லில் லீவு இல்லை என்று நீ வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. என் மகன் மீன் வண்டியோடு அந்த பைபாஸ் ரோட்டில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து நீ ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்க்கிறாய். எங்களுக்குத் தெரியாதா. ஆனால் கிறிஸ்துமஸுக்கு மட்டும் தப்பாமல் வந்துவிடு. பாப்பா வருஷத்தில் ஒரு தடவை இந்தத் தீவுக்கு வருகிறாள். அந்த நாலைந்து நாளை வைத்துத்தான் உன் மாமி மிச்ச நாளை ஓட்டுகிறாள். நானும் அப்படித்தான், ஆனால் வெளியே காட்டிக்கொள்வதில்லை.

கோயிலில் உபதேசியார் வேலை இன்னும் என்னிடம்தான். பூசை முடிவில் அறிவிப்பெல்லாம் நானே வாசிக்கிறேன். காது கேட்காதவனுக்குத் தொண்டை பெரிசு, மைக் செலவு மிச்சம் என்று பங்குச்சாமி கேலி செய்கிறார்.

என்றைக்கு வருகிறீர்கள் என்று எழுது.

ஜெபத்துடன்,
மாமா கிளெமென்ட்


பேகம்பூர், திண்டுக்கல்,
26-10-2025

மாமாவுக்கும் மாமிக்கும் சுகன்யாவின் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். பாப்பாவுக்குச் சளி விட்டது, வாய்தான் விடவில்லை. நாள் முழுக்கப் பேசுகிறாள். உங்கள் முட்டிவலியும் மாமியின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன?

அரையாண்டுப் பரீட்சை டிசம்பர் இருபத்துமூன்றில் முடிகிறது. மறுநாள் விடியற்காலை கிளம்பி மதுரையில் வண்டி மாறி, பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவோம். இருபத்தேழாம் தேதி திரும்ப வேண்டும். மில் ஆபீஸில் வருஷக் கடைசிக் கணக்கு இருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே மழை நன்றாகப் பெய்திருக்கிறது. அகரத்தில் அப்பா தோட்டத்துச் சம்பங்கி பரவாயில்லை, கனகாம்பரம் அழுகிவிட்டது. நான் குடியிருக்கிற வீட்டில் போர் மோட்டார் எரிந்துபோய் ஒரு வாரம் தண்ணீருக்கு அலைந்தோம். தெரிந்தவர் ஒருவர் வந்து செம்புக் கம்பி சுற்றிப் புதிதாகக் காயில் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரம்மா குர்ஷித் பேகம்தான் பாப்பாவைப் பள்ளிக்கூடம் விட்டதும் பார்த்துக்கொள்கிறார். அங்கே சாப்பிட்டுப் பழகி, என் குழம்பை நம் பாப்பா மேடம் இப்போது குறை சொல்கிறார்கள்.

ஜோவிட்டா உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாள். "தாத்தா, போன வருசம் புடிச்ச நண்டை நான் வர்ற வரைக்கும் யாரும் திங்கக்கூடாது." எந்த நண்டு என்று எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
சுகன்யா


திண்டுக்கல்,
2-11-2025
(எழுதி உறையில் போட்டு, தபாலில் சேர்க்காமல் வைத்துவிட்ட கடிதம்)

மாமாவுக்கு,

சுகம் விசாரித்துக்கொண்டு சுற்றிவளைத்தால் எனக்கு இது எழுத வராது. நேராகச் சொல்கிறேன். ஜனவரி இருபத்தாறில் எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறது.

அவர் பெயர் மோகன்குமார். மேட்டுப்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நம் வேதக்காரர்தான். இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது வயது முப்பத்தெட்டு ஆகிவிட்டது என்கிறார். பாப்பாவிடம் பிரியமாக இருக்கிறார். அவளும் ஒட்டிக்கொண்டாள். எனக்கும் பிடித்திருக்கிறது மாமா. இதை யார் தலையிலும் போடக்கூடாது. அப்பா சொன்னார், அம்மா அழுதார் என்றெல்லாம் எழுதலாம். ஆனால் நான்தான் சரி என்றேன்.

நீங்கள் சபித்துவிடுவீர்கள் என்று எனக்குப் பயமில்லை. உங்களைத் தெரியும். என் பயம் வேறு. மோகன்குமாரின் அம்மா ஒரு நாள் என்னிடம், "கல்யாணத்துக்கு அப்புறம் அந்தத் தீவுக்குப் போக்குவரத்து எதுக்கும்மா? பிள்ளை மனசு ரெண்டாப் போயிரும்" என்றார். கெட்ட மனுஷி இல்லை. தன் வீட்டுக்கு வருகிற பிள்ளை முழுசாக வர வேண்டும் என்று நினைக்கிறார். அவர் சொன்னபோது மோகன்குமார் எழுந்து கடைக்குக் கிளம்பிவிட்டார். இந்த டிசம்பர்தான் பாப்பா உங்களிடம் இருக்கிற கடைசிக் கிறிஸ்துமஸ் ஆகிவிடுமோ என்று அப்போதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே பங்குச்சாமி என் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டார். கல்யாணத்துக்கு முன் அங்கே வாங்கிய பழையது பீரோவில் இருந்தது, கொடுத்துவிட்டேன். இதற்காகத் தீவுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை என்று நிம்மதி. டிசம்பர் கடைசி ஞாயிற்றிலிருந்து மூன்று வாரம் ஓலை வாசிப்பார்களாம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்களே, அதுதான். அதற்குள் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

இதைக் குர்ஷித் பேகத்திடம் படித்துக் காட்டினேன். "இது கடுதாசியில சொல்ற விசயமாம்மா? நேர்ல போயி அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லு" என்றார். அவர் சொல்வதும் சரிதான்.

சுகன்யா


திண்டுக்கல்,
2-11-2025

மாமாவுக்கும் மாமிக்கும்,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இன்று கல்லறைத் திருநாள். அங்கே அவர் கல்லறைக்கு என் பேரிலும் ஒரு மெழுகுவத்தி ஏற்றச் சொல்லுங்கள். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கவுன் தைக்க மாமி கேட்ட பாப்பாவின் அளவு பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

சுகன்யா


தங்கச்சிமடம்,
20-11-2025

சுகன்யாவுக்கு, உன் மாமி சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கை என்னுடையது, வாய் அவளுடையது. எங்கள் இருவர் சுகத்துக்கும் குறைவில்லை.

ஏத்தா சுகன்யா, அளவு வந்துச்சு. இது நெசமாவே அளந்ததா, இல்ல போன வருச அளவையே எழுதிட்டியா? பிள்ளை வளராதா? நான் ரெண்டு இஞ்சு கூடவே வச்சுத்தான் வெட்டியிருக்கேன். ரோஸ் துணி. கழுத்துல லேஸு. உன் மாமா இது எதுக்கு இம்புட்டு லேஸுன்னு கேக்குறாரு. அவருக்கு வலையைத் தவிர எந்த நூலைப் பத்தியும் தெரியாது. (இதை எழுத வேண்டாம் என்றேன். எழுதத்தான் வேண்டும் என்கிறாள்.)

அதிரசத்துக்கு வெல்லம் வாங்கியாச்சு. முந்திரிக்கொத்து நீ வந்த பெறவு போடலாம், உருண்டை புடிக்க நீ வேணும். வரும்போது சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டா. இங்க விக்கிறவன் சிறுமலைன்னு சொல்லி எதையோ தாரான். உங்க அப்பாகிட்ட சம்பங்கி கேட்டு வாங்கிட்டு வா, குடிலுக்கு.

அவன் நம்மளை விட்டுப் போன அந்த வருசம் நம்ம வீட்டுல நட்சத்திரம் கட்டலை. துக்க வீடுன்னு அக்கம்பக்கத்துலதான் பலகாரம் குடுத்துவிட்டாங்க. அதுக்கு மறுவருசம் நீ பிள்ளையோட வந்து நின்ன. அது நாற்காலியில ஏறி தானாவே நட்சத்திரத்தைக் கட்டுச்சு. அன்னையிலருந்துதான் எனக்கு இது வீடு மாதிரி இருக்கு. பிள்ளை வராத கிறிஸ்துமஸு எனக்கு வேண்டாம். (இதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கடிதத்தை நானே முடிக்கிறேன்.)

மாமா கிளெமென்ட்


தங்கச்சிமடம்,
10-12-2025

மருமகள் சுகன்யாவுக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

கொஞ்சம் முன்னாலேயே கிளம்பி வர முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பாப்பாவுக்குப் பரீட்சை என்றால் சரி. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். வந்தால் நிதானமாக உட்கார்ந்து பேசலாம். பண்டிகைச் சந்தடியில் எந்தப் பேச்சும் முழுசாக முடியாது. எதையாவது என்னிடம் சொல்ல வேண்டும் என்றால் நீ யோசிக்க வேண்டாம். கத்திச் சொல்ல வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் கஷ்டம்.

கோயிலில் வேலை அதிகம். வருஷக் கடைசிக்கும் ஜனவரிக்குமான அறிவிப்புகளைச் சாமி இப்போதே என் கையில் கொடுத்துவிட்டார்.

உன் மாமி கவுனை முடித்துவிட்டாள்.

மாமா கிளெமென்ட்


திண்டுக்கல்,
16-12-2025

மாமாவுக்கும் மாமிக்கும் வணக்கம். நலம்.

பரீட்சை இருப்பதால் முன்னால் வர முடியாது மாமா. சொன்னபடி இருபத்துநாலு வந்து இருபத்தேழு கிளம்புகிறோம். பேச வேண்டியது எனக்கும் இருக்கிறது. வந்து பேசுகிறேன்.

வாழைப்பழம் சொல்லிவைத்துவிட்டேன். பாப்பா பைக்குள் இப்போதே மணல் தோண்டுகிற கரண்டியை எடுத்து வைத்துவிட்டாள். என் நல்ல கரண்டி.

சுகன்யா


திண்டுக்கல்,
28-12-2025, ஞாயிறு

மாமாவுக்கும் மாமிக்கும்,

நேற்று ஒழுங்காக வந்து சேர்ந்தோம். மாமி கட்டிக் கொடுத்த முந்திரிக்கொத்தில் பாதியை மதுரை தாண்டுவதற்குள் பாப்பா முடித்துவிட்டாள். ரோஸ் கவுனைக் கழற்ற மாட்டேன் என்று அதோடுதான் தூங்கினாள். ராப்பூசைக்குக் கிளம்புகிற நேரத்தில் உட்கார்ந்து மாமி அதன் ஓரத்தைப் பிரித்து இறக்கித் தைத்தது கண்ணிலேயே நிற்கிறது. நவம்பரில் நான் அளந்துதான் அனுப்பினேன் மாமி. அதற்குள் வளர்ந்துவிட்டாள், நான் என்ன செய்ய.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். எனக்கு மறுகல்யாணம். ஜனவரி இருபத்தாறு. மேட்டுப்பட்டி மோகன்குமார், மோட்டார் கடை. இன்று காலை இங்கே கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இதற்காகத்தான் நேற்றே கிளம்பினேன். மில் கணக்கு என்று சொன்னது பொய்.

மூன்று நாளும் சொல்ல வாய் எடுத்தேன். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் பாப்பா நண்டு துரத்திக்கொண்டிருந்தபோது கரையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, எனக்கு ஒரு விசயம் சொல்லணும்" என்றேன். நீங்கள் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, "என்னத்தா?" என்றீர்கள். உங்களிடம் ரகசியம் சொல்வதென்றால் கத்த வேண்டும். பக்கத்துப் படகில் நாலு பேர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். "எனக்குக் கல்யாணம்" என்று அந்தக் கரையில் கத்த என்னால் முடியவில்லை. "காத்து அதிகமா இருக்கு" என்று கத்தினேன். நீங்களும் "ஆமா, வாடைக்காத்து" என்றீர்கள்.

மாமியிடம் சொல்லியிருக்கலாம். மாவு பிசைகிற நேரமெல்லாம் பக்கத்திலேயே இருந்தேன். அவர்களோ, "அடுத்த வருசம் பிள்ளைக்குப் பாவாடை சட்டை தைக்கிறேன்" என்றார்கள். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

மோகன்குமாரின் அம்மாவுக்குப் பாப்பா இனிமேல் தீவுக்குப் போவது பிடிக்கவில்லை. மனசு ரெண்டாகிவிடும் என்கிறார். மோகன்குமார் அம்மாவை எதிர்த்துப் பேசுவதில்லை. நான் சண்டை போட்டுப் பார்க்கிறேன். ஆனால் புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழைகிறவள் சண்டைக்கு எவ்வளவு பலம் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த கிறிஸ்துமஸைப் பற்றி வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. இதைத்தான் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன்.

மாமியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். வெளியே யார் வாயிலும் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது.

சுகன்யா


தங்கச்சிமடம்,
28-12-2025, ஞாயிறு

சுகன்யாவுக்கு கிளெமென்ட் எழுதுவது. நான் சுகம். உன் மாமி சுகமா என்று கேட்டால், இன்று காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை. சோற்றை மட்டும் தட்டில் டங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்.

உனக்குத் தெரியாத ஒரு வழக்கம் இருக்கிறது. ஞானஸ்நானம் வாங்கின கோயிலிலும் ஓலை வாசிக்கச் சொல்லி எழுதுவார்கள். பழைய சீட்டு செல்லாது, புதிதாக எழுதிக் கேட்பார்கள். நீ பிறந்தபோதே நம் வேதத்தில் இருந்திருந்தால் இதெல்லாம் காதில் விழுந்திருக்கும். கல்யாணத்துக்கு முந்தி இங்கே வந்து ஞானஸ்நானத் தண்ணீர் வாங்கினவள், உனக்கு எப்படித் தெரியும். டிசம்பர் ஏழாம் தேதி உங்கள் சாமியிடமிருந்து இங்கே சேதி வந்துவிட்டது. நம் சாமி என்னிடம் கொடுத்து, "உபதேசியாரே, இதை வாசிக்க உமக்குக் கஷ்டமா இருந்தா நான் வாசிக்கிறேன்" என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அதனால்தான் உன்னை முன்னாலேயே வரச் சொன்னேன். உன் வாயால் கேட்க வேண்டும் என்று ஆசை. நீ கரையில் வந்து உட்கார்ந்தபோது இதோ சொல்லப்போகிறாள் என்று காதைக் குவித்தேன். காற்று என்றாய். வாடைக்காற்று என்றேன். எனக்குத் தெரியும் என்று நானும் சொல்லியிருக்கலாம். நீ சொல்லாததை நான் எப்படி ஆரம்பிப்பது என்று இருந்துவிட்டேன். உன் மாமியிடமும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸை அவள் சந்தோஷமாகக் கழிக்கட்டும் என்று நினைத்தது தப்பாகப் போய்விட்டது.

இன்று பூசை முடிவில் நானே வாசித்தேன். தாளில், "அகரம் சோலைமுத்து, மூக்காயி மகளும், காலஞ்சென்ற பிரிட்டோவின் மனைவியுமாகிய சுகன்யா மரியாவுக்கும்" என்று இருந்தது. அந்த இடம் வந்ததும் என் மகன் பேரைக் காலஞ்சென்ற என்று சொல்லி வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. "நம் பங்கைச் சேர்ந்த கிளெமென்ட், புஷ்பமேரி மகள் சுகன்யா மரியாவுக்கும்" என்று வாசித்துவிட்டேன். என் தொண்டைதான் உனக்குத் தெரியுமே. வெளியே மரத்தடியில் நின்றவன்வரை கேட்டிருக்கும்.

எல்லாரும் திரும்பி உன் மாமியைப் பார்த்தார்கள். இவர்களுக்கு ஏது மகள் என்று பார்த்தார்களோ என்னவோ. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசி ஆசீர்வாதத்துக்கும் நிற்காமல் வெளியே போய்விட்டாள்.

பூசைக்கு அப்புறம் சாமி, "தாள்ல அப்பிடி இல்லையே உபதேசியாரே" என்றார். உன் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்று உன் தலையைத் துடைத்துவிட்டது யார் என்று பதிவைப் பார்க்கச் சொன்னேன். புஷ்பமேரி என்று இருந்தது. ஞானத்தாய்க்கு மகள் என்றால் எங்களுக்கு மகள்தானே சாமி என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்த வாரம் பெத்தவங்க பேரையும் சேர்த்து வாசியும்" என்று விட்டுவிட்டார்.

கல்யாணம் செய்துகொள். பையன் நல்லவனா என்று மட்டும் எழுது. பாப்பாவை அவன் எப்படிக் கூப்பிடுகிறான் என்றும் எழுது.

மாமா கிளெமென்ட்


திண்டுக்கல்,
2-1-2026

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என் கடிதமும் அங்கே வந்திருக்கும். இரண்டும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. சுகமாக இருக்கிறீர்களா? மாமி பேசினார்களா? எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

வெளியே யார் வாயிலும் கேட்கக் கூடாது என்று எழுதியிருந்தேன். அதை எழுதுவதற்கு முன்பே அவர்கள் கோயிலில் உட்கார்ந்து ஊரோடு கேட்டிருக்கிறார்கள். பழைய சீட்டைக் கொடுத்துக் காரியத்தை முடித்துவிட்டேன் என்று நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும். மில் ஆபீஸில் உட்கார்ந்து அழுதேன். கேட்டவர்களுக்குப் பஞ்சுத் தூசி என்றேன்.

அவர் பாப்பாவை "ஜோ மேடம்" என்று கூப்பிடுகிறார். அவளும் அவரை "மோட்டார் சார்" என்கிறாள். அப்பா என்று கூப்பிடச் சொல்லி அவர் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "காது கேக்காதுன்னு சொன்ன. உனக்குள்ள இருந்ததே அவருக்குக் கேட்டிருக்கே" என்றார். ஆனால் அவர் அம்மாவிடம் இன்னும் பேசவில்லை. அம்மா, "கல்யாணத்துக்கு வரட்டும், சாப்பிட்டுப் போகட்டும். பிள்ளையை அனுப்புறதை அப்புறம் பாப்போம்" என்கிறார். அந்த அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது.

மாமியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

சுகன்யா


தங்கச்சிமடம்,
12-1-2026

சுகன்யாவுக்கு புஷ்பமேரி எழுதுறது. இது என் கையெழுத்து. எட்டாப்பு வரைக்கும் படிச்சவதான் நானும். உன் மாமாகிட்ட சொல்லி எழுத வச்சா அவரு நடுவுல நடுவுல தன் பேச்சையும் சேத்துருவாரு, அதான் நானே எழுதுறேன். சர்க்கரை கூடிப்போச்சு, உன்னாலதான். மத்தபடி சுகம். பிள்ளை சுகமா?

உனக்கு வாயில்லையா? மாவு பிசையையில பக்கத்துலதான உக்காந்திருந்த? எண்ணெய் காயுற வரைக்கும் எம்புட்டு நேரம் இருந்துச்சு. மாமி, எனக்கு இப்பிடின்னு ஒரு வார்த்தை. நான் என்ன உன்னைக் கொன்னுபுடுவனா? அழுதிருப்பேன். ரெண்டு பேருமா அழுதுட்டு முந்திரிக்கொத்து போட்டிருக்கலாம். அதை விட்டுட்டு ஊரு முன்னால, முன்வரிசையில, என் பேரைச் சொல்லி வாசிக்கக் கேட்டேன் பாரு. உன் மேல ஒரு கோவம், அந்தச் செவிட்டு மனுசன் மேல ரெண்டு கோவம். தெரிஞ்சு வச்சுக்கிட்டே எங்கூட உக்காந்து அதிரசம் தின்னாரு. ஒரு வாரம் அவரோட பேசலை. அவருக்கு அது நிம்மதியா இருந்துச்சுன்னு தெரிஞ்ச பெறவுதான் பேச ஆரம்பிச்சேன்.

நீ கல்யாணம் பண்ணிக்கிறது தப்பில்லை. முப்பத்திமூணு வயசு ஒரு வயசா? நானே உங்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லணும்னு நெனைப்பேன். சொன்னா பிள்ளை வராம போயிருமோன்னு விட்டுருவேன். நீ பயந்த அதே பயந்தான் எனக்கும்.

கல்யாணத்துக்கு நான் வரலை. அதை மட்டும் கேக்காதே. எம் மவன் மாலை போட்ட பொண்ணு இன்னொரு மாலை போடுறதைப் பாக்குற தெம்பு எனக்கு இன்னும் வரலை. உன் மாமா வருவாரு. உங்க அப்பா சோலைமுத்துக்குப் பக்கத்துல அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லு.

இப்ப விசயத்துக்கு வாரேன். உன் கடுதாசியை நாலு தடவை படிச்சேன். உன் வருங்கால மாமியார் சொன்னதையும் படிச்சேன். அவங்க சொல்றது வாஸ்தவந்தான். செத்துப்போன புருசன் வீட்டுக்கு எதுக்குப் போக்குவரத்து? எந்த மாமியாரும் கேப்பா. நானா இருந்தாலும் கேப்பேன்.

ஆனா நாங்க இப்ப புருசன் வீடு இல்லையே. பொண்ணு வீடு.

நேத்து மூணாவது ஓலையும் வாசிச்சாச்சு. மூணு வாரமும் கிளெமென்ட், புஷ்பமேரி மகள்னுதான் வாசிச்சிருக்காரு. ரெண்டாவது வாரத்துலருந்து உங்க அப்பா அம்மா பேரையும் சேத்துக்கிட்டாரு, அது நியாயந்தான். ஊரே கேட்டுருக்கு. தடை இருந்தா சொல்லுங்கன்னும் கேட்டாச்சு. ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அப்ப சரின்னுதான அர்த்தம்? பொண்ணு வீட்டுக்காரங்க தலைக் கிறிஸ்துமஸுக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைச்சா, வர மாட்டேன்னு சொல்ற சம்பந்தி எந்த ஊருல இருக்கா? உங்க அப்பா அம்மாவுக்குக் கிறிஸ்துமஸு கிடையாது. அவங்க தலை தீவாளியை வச்சுக்கட்டும். தலைக் கிறிஸ்துமஸு எங்களுது. நவம்பர்ல நானும் உன் மாமாவும் தட்டுல துணியும் பழமும் வச்சு மேட்டுப்பட்டிக்கே வந்து முறையா அழைப்போம். அந்தம்மா எங்களுக்குக் காப்பித்தண்ணி குடுத்துத்தான் ஆகணும். நான் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுனா அவங்களும் எறங்கிருவாங்க. பிள்ளை மனசு ரெண்டாகாது சம்பந்தி, ஆச்சிமாருதான் கூடுவாங்கன்னு சொல்லுவேன்.

மாப்பிள்ளைக்குச் சட்டை எடுக்கணும். கழுத்தளவு, கையளவு எழுதி அனுப்பு. அவரு என்ன கலரு போடுவாருன்னும் கேளு. மோட்டார் கடைக்காரரு, வெள்ளை வேண்டாம்.

பிள்ளைக்கு மட்டும் அளவு அனுப்பாதே. நீ எடுக்குற அளவு ஒண்ணும் செல்லாதுன்னுதான் பாத்தாச்சே. மே மாச லீவுல கூட்டிட்டு வந்து விடு, நானே அளந்துக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
புஷ்பமேரி